மூட்டு வாதத்துக்கு மூன்று மருந்தா? வாசகர் கேள்விகள்

ஒரு மாத்திரையில் ஆரம்பித்தது, இப்போது மூன்று ஆகிவிட்டது. நோய் முற்றிவிட்டதா டாக்டர்?

அப்படி அர்த்தமில்லை. முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்னும் மூட்டு வாதம்) மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எல்லோருக்கும் போதுவதில்லை. அதோடு சல்பாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டையும் சேர்ப்பது பழகிப்போன முறைதான். 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தவர்களைவிட மூன்றும் எடுத்தவர்களில் அதிகம் பேருக்குப் பலன் கிடைத்தது. 2013-ல், மெத்தோட்ரெக்ஸேட்டோடு எடனர்செப்ட் என்ற விலை கூடிய ஊசி போடுவதையும் இந்த மூன்றையும் ஒப்பிட்டார்கள், மாத்திரைகள் பின்தங்கவில்லை. ஊசிக்குப் பணம் புரட்ட முடியவில்லையே என்று கலங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். சல்பாசலசின் தொடங்கியபின் சிறுநீர் ஆரஞ்சாகப் போகலாம். அது மருந்தின் நிறம், பயம் வேண்டாம்.

ஒரு மாதமாகியும் வலி குறையவில்லை. நிறுத்திவிடலாமா?

இவை மெதுவாக வேலை செய்பவை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுங்கள். இடைவெளியைச் சமாளிக்கத்தான் குறைந்த அளவு ஸ்டீராய்டு தருகிறோம். அதில் வலி போய்விட்டதென்று மற்றதை நிறுத்துகிறவர்கள்தான் எங்களுக்குத் தலைவலி!

மெத்தோட்ரெக்ஸேட்டை தினமும் போட்டால் சீக்கிரம் கேட்குமா?

கூடவே கூடாது. வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் இது ஆசையில் நடப்பதில்லை, குழப்பத்தில் நடக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட், அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் அமிலம் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரையாக வருவதுண்டு. கண் மங்கிய பாட்டி எதை எடுப்பார்? கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், அட்டையிலும் பேனாவால் எழுதுங்கள், இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். தவறிப்போய் தினமும் போட்டிருந்தால் புண் வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த வருடம் குழந்தை பெற நினைக்கிறோம்.

இப்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெண்கள் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மற்ற இரண்டையும் பொதுவாகத் தொடரலாம். கணவர் சல்பாசலசின் எடுப்பவராக இருந்தால் விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் சரியாகிவிடும்.

சிறுநீர்த் தொற்றுக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். சளி, காய்ச்சல், பல் வலி, எதற்குப் போனாலும் முதலில் "வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் மருந்து கேளுங்கள்.