களப்போரத்து வெறுந்தரை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் களப்பையொட்டி ஒரு மரமும் இல்லாத பெரிய வெளி சும்மா கிடக்கிறது. பறவைகள் வந்து தங்குவதற்காக அங்கே சவுக்கும் கண்டலும் நட மாணவர்கள் விரும்புகிறார்கள். தங்கள் ஆலோசனையை அறியத் தருவீர்களா?

ஆசிரியை ஒருவர், திருகோணமலை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பறவைகளுக்காக மாணவர்கள் வெயிலில் இறங்கத் தயாராக இருப்பது பெரிய காரியம். ஆயினும் அந்த வெளியில் ஒரு கன்றுகூட நட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது சும்மா கிடக்கும் நிலம் அன்று.

வட ஆசியாவிலிருந்து மாரிகாலத்தில் வரும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் இலங்கை, மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி. நம் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவாதலால், மழை ஓய்ந்து களப்பு மெல்ல வற்றும்போது வெளிப்படும் சேற்றிலேயே அவை புழுவும் சிறு நண்டும் பொறுக்கி, திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன.

தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களிலும் அந்தத் தரை வெறுமையாக இருப்பதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் ஹனுமான் உப்புக்கொத்தி, தனி இனம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிய சிறு பறவை, இத்தகைய வெளிகளில்தான் முட்டையிடுகிறது. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை: மணலில் காலால் பறித்த ஆழமற்ற ஒரு குழி, அதனுள் கரும்புள்ளியிட்ட மணல்நிற முட்டைகள் இரண்டோ மூன்றோ. தெரியாமல் மிதித்துவிட்டுப் போவது மிக எளிது. நண்பகலில் இத்தகைய பறவைகள் நீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் தாய் திரும்ப அஞ்சும், முட்டைகள் வெந்துபோகும். எதிரியைத் தொலைவிலேயே காண முடிவது அவற்றுக்குள்ள முக்கிய காவல். அங்கே சவுக்கை நட்டால் காகங்களுக்கு உட்கார்ந்து கூடு தேட உயரமான இடம் அமைத்துக் கொடுத்தவர்களாவோம்.

கண்டல் பற்றியும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின் இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, பார்க்கப்பட்ட 23 இடங்களில் 9இல் ஒரு கன்றும் எஞ்சவில்லை. நீரின் உவர்ப்பும் தரையின் மட்டமும் பாராமல் நட்டது முக்கிய காரணம். கண்டல் இருந்து அழிந்த இடமானால், அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே பல இடங்களில் அது தானாக முளைத்து வரும்; ஒருபோதும் இல்லாத சேற்றுவெளியில் அதைத் திணிப்பது பறவைகளின் மேய்ச்சலைப் பறிப்பதாகவே முடியும். நட ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பாடசாலை வளவில் நாவலும் இலுப்பையும் நடக் கொடுங்கள்.

கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயமாக்கப்பட்டது, புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. இவற்றுக்கு வெளியே கிடக்கும் உங்கள் களப்போரம் போன்ற துண்டு நிலங்களுக்குப் பெயருமில்லை, பலகையுமில்லை என்பதே என் கவலை. ஆகவே கழகம் முதலில் செய்யத்தக்கது, அறுந்த வலைத்துண்டுகளையும் தங்கூசி எனும் நைலோன் மீன்பிடி இழைகளையும் பொறுக்கி அகற்றுவது. முட்டைக் காலத்தில் மோட்டார் சைக்கிளும் நாய்களும் அவ்வெளிக்குள் வராதபடி மீனவர் சங்கத்தோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வருவது. அடுத்தது, மாதந்தோறும் ஒரே பாதையில் நடந்து, என்ன பறவை, எத்தனை என்று கொப்பியில் எழுதி வருவது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடப்பதால், அந்த மாதத்திலேயே தொடங்கினால் உங்கள் எண்ணிக்கை பிற இடங்களோடு ஒப்பிடத்தக்கதாகும். அதன் பிரதியை வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஆண்டுதோறும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவர்கள் ஒப்பமிட்ட பிரதியைப் பாடசாலையில் பத்திரப்படுத்துங்கள். அந்நிலத்தை மண்ணிட்டு நிரப்ப எவரேனும் அனுமதி கேட்கும் நாளில், அங்கே ஒன்றுமில்லை என்ற வாதத்துக்கு மறுப்பாக எடுத்து வைப்பதற்கு அந்தக் கொப்பி உங்கள் கையில் இருக்கும்.