கணக்குப்பிள்ளையும் டேலியும்

கையால் எழுதும் பேரேட்டை விட்டு, டேலி என்ற கணினிக் கணக்கு மென்பொருளுக்கு மாறலாம் என்றதும் கணக்குப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மற்ற ஆட்களும் அவர் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். டேலி புரியாது என்பதைவிட, 'இனி நான் எதற்கு' என்ற பயமாகத்தான் இருக்கும். வேலையும் சம்பளமும் அப்படியே இருக்கும் என்று அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள் (உண்மையாக இருந்தால் மட்டும்).

அப்புறம், நடு வருடத்தில் மாற்றாதீர்கள். ஏப்ரல் 1 என்றால் புது நிதியாண்டு. பில் எண்ணைப் புதிதாகத் தொடங்கலாம், தொடக்க இருப்பை (பழைய பேரேட்டில் கடைசியாக நிற்கும் தொகைகளை) டேலியில் ஏற்றினால் போதும். அந்த இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு கணக்குப்பிள்ளைக்கே. எந்தக் கடைக்காரர் பாக்கியை இழுத்தடிப்பார் என்பது பேரேட்டில் இல்லை, கணக்குப்பிள்ளை தலையில்தான் இருக்கிறது. ஏப்ரல் முழுக்க இரண்டும் ஓடட்டும், சாயங்காலம் அவரே ஒத்துப்பார்க்கட்டும். மே மாதம் பேரேட்டைக் கட்டிப் பரணில் போடுங்கள். அது கையெட்டும் இடத்தில் கிடந்தால் ஒருத்தரும் டேலி பக்கம் வரமாட்டார்கள்.