அகதி முகாமில் சோலார் விற்பது சேவையா, வியாபாரமா?

கேள்வி: அகதி முகாம்களில் தனியார் கம்பெனிகள் சோலார் மின்சாரம் கொடுப்பதாகப் படிக்கிறோம். இது சேவையா, ஏழைகளிடம் நடத்தும் வியாபாரமா? இப்படிப்பட்ட கம்பெனியை நம்பிப் பணம் போடலாமா?

வியாபாரம்தான். அப்படிச் சொல்வதில் தப்பில்லை. கென்யாவில் தவணைக்கு சோலார் விற்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். முகாம் வசூல் பட்டியல் என் மேசைக்குத்தான் வரும். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கம்பெனி வருவதற்கு முன்பு முகாமில் எல்லாம் இலவசமாகக் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கென்யாவின் வடமேற்கே துர்கானா வட்டாரத்தில் காக்குமா முகாம் 1992-இல் தொடங்கியது. 2016-இல் பக்கத்திலேயே கலோபெயெய் குடியிருப்பு வந்தது. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம் பேர். தேசிய மின்கம்பி பல வருடங்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம். அங்கே ஒருவர் டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போடுவார், முள்வேலிகளுக்கு மேலே வயரை இழுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார், பல்புக்கு இவ்வளவு, டிவிக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குவார். போன் சார்ஜ் போடத் தனிக் கடை. விறகு, கரி விற்கத் தனி ஆள். லண்டனிலுள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் எரிபொருளுக்கும் வெளிச்சத்துக்குமாக வருடத்துக்குச் சுமார் 200 டாலர் செலவழிக்கிறது. ஆக, வியாபாரம் முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. விலை அதிகம், புகை அதிகம், அவ்வளவுதான்.

இதை முதலாளிகள் கண்ணுக்குக் கொண்டுவந்தது உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி. காக்குமாவில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகள், வருடத்துக்கு 5.6 கோடி டாலர் புழக்கம் என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதற்குப் பிறகு ‘முகாம் ஒரு சந்தை’ என்ற பேச்சு சூடு பிடித்தது. அமெரிக்காவின் ரென்யூவியா என்ற கம்பெனி கலோபெயெயில் சோலார் மினிகிரிட் போட்டது, அதாவது ஓர் ஊருக்கு மட்டுமான சின்ன மின் வலையமைப்பு. ப்ரீபெய்டு மீட்டர், மொபைலில் பணம். பிபாக்ஸ் போன்ற கம்பெனிகள் வீட்டுக்கு வீடு பெட்டி விற்றன.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரைமேல் ஒரு சின்னப் பேனல், உள்ளே பேட்டரி வைத்த பெட்டி, மூன்று நான்கு பல்பு, போன் சார்ஜ் செய்ய ஒரு வயர். எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையில் பணம் அனுப்பினால் ஓர் எண் வரும். அதைத் தட்டினால் இத்தனை நாளைக்கு எரியும். நாள் முடிந்தால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். தவணை முழுக்கக் கட்டிவிட்டால் பெட்டி வாடிக்கையாளருக்கே சொந்தம்.

வசூல் பட்டியலில் கூத்து அடிக்கடி நடக்கும். பெட்டி ஒருவர் பெயரில், பணம் வருவது வேறு மூன்று எண்களிலிருந்து. அகதிச் சான்றிதழை வைத்து சொந்தப் பெயரில் சிம் வாங்குவது சுலபமில்லை, ஆகவே தெரிந்தவர் போனில் கட்டுவார்கள். ரேஷனுக்காகத் தரும் உதவித்தொகை மொபைலில் விழும் வாரத்தில் வசூல் எகிறும், மாதக் கடைசியில் படுத்துவிடும். ஒழுங்காகக் கட்டுபவர்கள் சலூன், மளிகைக் கடை, சார்ஜ் கடை வைத்திருப்பவர்கள். ‘பார்த்தீர்களா, தொழில் செய்பவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்’ என்று விற்பனைப் பிரிவு அண்ணன்கள் மார்தட்டுவார்கள். அந்த சலூனில் முடி வெட்டுபவர் எந்தக் காசில் வெட்டுகிறார்? அதுவும் ரேஷன் காசுதான். முகாமை விட்டு வெளியே போய் வேலை தேட அனுமதி இல்லாத ஊரில் பணம் வேறு எங்கிருந்து வரும்?

2025-இல் நன்கொடை நாடுகள் கையை இறுக்கியபோது, கென்ய முகாம்களில் உலக உணவுத் திட்டம் கொடுத்த ரேஷன் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. சாப்பாட்டுக்கே இல்லாதவர் பல்புக்கு ரீசார்ஜ் செய்வாரா? பெட்டி பூட்டிக்கொண்டதற்கு அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கம்பெனிமேலும் முழுதாகச் சொல்ல முடியாது.

ருவாண்டாவின் கிகெமே முகாமில் நடந்தது இன்னும் கசப்பானது. இன்யெனேரி என்ற கம்பெனி காங்கோ அகதிகளுக்கு அடுப்பைக் கொடுத்து, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை விற்றது. உள்ளே சின்ன விசிறி வைத்த, புகையே வராத அருமையான அடுப்பு. ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த எரிபொருள் பணத்தில் குடும்பங்கள் பெல்லட் வாங்கின. உலகமே பாராட்டியது. 2020-இல் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பெல்லட் இல்லாமல் அந்த அடுப்பை வைத்து என்ன செய்வது? தவணை கட்டி முடித்த பேனலாவது கம்பெனி போனாலும் வெயிலில் வேலை செய்யும், அடுப்புக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஜோர்டானில் வேறு வழி. ஸாத்தரி முகாமுக்கு வந்த சிரியர்கள் தெருவிளக்குக் கம்பத்திலேயே கொக்கி போட்டு வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன்களுக்கா பஞ்சம்! பில் போனது ஐ.நா. ஆணையத்துக்கு. கட்டுப்படியாகாமல் மின்சாரத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரமாகச் சுருக்கினார்கள். 2017 நவம்பரில் ஜெர்மன் அரசின் கேஎஃப்டபிள்யூ வங்கி கொடுத்த 1.5 கோடி யூரோவில் 12.9 மெகாவாட் சோலார் நிலையம் வந்ததும் நேரம் 12 முதல் 14 மணி வரை நீண்டது. அதே வருடம் மே மாதம் அஸ்ரக் முகாமில் ஐகியா அறக்கட்டளைப் பணத்தில் 2 மெகாவாட் நிலையம் வந்தது. கட்டியது முஸ்தக்பல் என்ற ஜோர்டான் கம்பெனி. இங்கெல்லாம் தனியார் வெறும் கான்ட்ராக்டர். கட்டினார்கள், காசை வாங்கிக்கொண்டார்கள். எந்த அகதியும் தவணை கட்ட வேண்டியதில்லை. பக்கத்திலேயே தேசிய மின் வலையமைப்பு (கிரிட்) இருந்ததால் இது முடிந்தது. (தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களில் மின்வாரியக் கம்பமே இருப்பதால் நமக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.)

எனக்குப் பிடித்தது ஜோர்டான் வழிதான். கிரிட் இல்லாத இடத்தில் தனியார் வரட்டும், ஆனால் ரேஷன் குறைந்தால் வரும் நஷ்டத்தை அகதி தலையிலோ கம்பெனி தலையிலோ மட்டும் கட்டக்கூடாது, நன்கொடையாளரும் அதில் பங்கு போட வேண்டும். இணைப்புக்கு மானியம் கொடுத்து ரிப்பனை வெட்டிவிட்டுக் கிளம்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

சரி, பணம் போடலாமா? அவர்கள் அனுப்பும் சிரிக்கும் குழந்தை படத்தை ஓரமாக வையுங்கள். மூன்றே விஷயம் கேளுங்கள். கட்டாதவர் பெட்டியை எத்தனை நாளில் பூட்டுகிறீர்கள்? ரேஷன் வெட்டப்பட்ட மாதங்களில் வசூல் எவ்வளவு? கம்பெனி மூடினால், பாதித் தவணை கட்டியவரின் பெட்டியைத் திறந்துவிட ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் வர நாளாகும். வராவிட்டால் போடாதீர்கள்.