கொக்கி ஏன் ஒடிகிறது?

கேள்வி: ரெசின் பிரிண்டரில் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்கான ரெசினில் பொருள்களை அச்சிடும் கருவி) பெட்டி மூடிக்கு ஒரு கொக்கி அச்சிட்டேன். இரண்டாம் நாளே ஒடிந்தது. அடுத்ததாவது நன்றாக இறுகட்டும் என்று யு.வி. (புற ஊதா) விளக்கில் ஒரு மணி நேரம் வைத்தேன். அது முதல் தடவை திறக்கும்போதே போய்விட்டது. ஏன்?

பதில்: ஒரு மணி நேரமா! நானும் இதே தப்பைச் செய்தவன்தான். பிறகு, ஒரே தட்டில் அச்சிட்ட இரண்டு கொக்கிகளில் ஒன்றை 5 நிமிடம், மற்றதை 40 நிமிடம் விளக்கில் வைத்துப் பார்த்தேன். முதலாவது விரலுக்கு வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. இரண்டாவது சாக்பீஸ் மாதிரி பட்டென்று இரண்டானது. உடைந்த இடம் கண்ணாடிச் சில்லு போலப் பளபளத்தது.

ஒளி பட்டதும் ரெசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. முடிச்சு கூடக்கூட நகத்தால் கீற முடியாத அளவுக்குக் கெட்டியாகும். ஆனால் வளைக்கும்போது சங்கிலிகள் நெளிந்துகொடுக்க இடமிருக்காது, விரிசல் ஓடிவிடும். கெட்டி வேறு, உறுதி வேறு.

என்ன ரெசின் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண ரெசினாகத்தான் இருக்கும். பொம்மைக்கு அது போதும், கொக்கிக்குப் போதாது. 'டஃப்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் நீளமான யூரித்தேன் அக்ரிலேட் சங்கிலிகள் சேர்ந்திருக்கும். முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி அதிகம். ('ஏபிஎஸ் போன்றது' என்ற லேபிளைப் பார்த்து அசல் ஏபிஎஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அது உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக், இது உருகவே உருகாது.)

அச்சிட்டதில் ஒட்டியிருக்கும் ஈர ரெசினைக் கழுவுவதிலும் கவனம் வேண்டும். ஆல்கஹாலில் சில நிமிடம் போதும். இரவெல்லாம் ஊறினால் பிளாஸ்டிக் உப்பும், காயும்போது மயிரிழை வெடிப்பு விழும். நன்றாக உலர்ந்த பிறகே விளக்கில் வையுங்கள்.

அப்புறம் வடிவம். கொக்கி அடித்தட்டோடு சேரும் இடம் கத்தி வெட்டின மாதிரி 90 டிகிரி மூலையாக இருந்தால், எந்த ரெசினும் அங்கேதான் முதலில் விடும். அந்த மூலையை 1 மில்லிமீட்டராவது வளைவாக்குங்கள். என் கொக்கியில் பாதி நோய் அதிலேயே தீர்ந்தது. வளையும்போது இழுபடும் பக்கத்தில் சப்போர்ட் (அச்சாகும்போது தாங்கிப் பிடிக்கும் குச்சி) வைக்காதீர்கள். அதைப் பிய்த்த இடத்தில் குண்டூசி முனையளவு பள்ளம் நின்றாலும் விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

பெட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கிறீர்களா? வெயிலிலும் யு.வி. உண்டு. விளக்கை அணைத்த பிறகும் அங்கே அந்த முடிச்சுப் போடும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.