குழுவாக ஆடும் ஃபேன்டஸி ஆர்பிஜி (கதாபாத்திரங்களை ஏற்று ஆடும்) கேம்களில் சண்டை முறையின் பலம் எது, பலவீனம் எது?

என்னைக் கேட்டால் பலம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் செய்கிற வேலை அடுத்தவருக்கு வழி திறந்துவிட வேண்டும். இது நடக்கிற கேமில் சாதாரண கோப்ளின் சண்டைகூட ருசிக்கும். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் எதிரியை வெட்டிக்கொண்டிருந்தால் பார்ட்டி (நம் குழு) எதற்கு? பலவீனங்கள் என்று நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி, இந்தக் கோர்வை அறுந்துபோகிற இடங்கள்தான்.

2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். நாலு பேர் பார்ட்டி, டர்ன் முறை, அதாவது ஒவ்வொருவரும் தன் முறை வரும்போதுதான் ஆடுவது. ஒரு டர்னில் ஒருவருக்கு ஒரு ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன் (கூடுதலாக ஒரு சின்னச் செயல்), பெரும்பாலானவர்களுக்கு 9 மீட்டர் நடை. எதிரில் ஒரு மந்திரவாதி நின்று கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் (கவனம் கலையாத வரை நீடிக்கும் மந்திரம்) ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறான். உங்கள் ரோக் (பதுங்கித் தாக்குபவர்) முதலில் போய் அடித்தால் படுவதற்கு 65 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். அதற்கு முன்னால் பேட்டில் மாஸ்டர் வகை ஃபைட்டர் (ஆயுதம் ஏந்திய போர்வீரர்) 'ட்ரிப் அட்டாக்' போட்டு அவனைக் கீழே தள்ளிவிட்டால் இரண்டு காரியம் நடக்கிறது. விழுந்த நொடியே அவன் கான்சன்ட்ரேஷன் உடைகிறது. பக்கத்தில் நின்று அடிக்கும் ரோக்குக்கு அட்வான்டேஜ் கிடைக்கிறது, அதாவது டைஸை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 65 இப்போது 88 ஆகிவிட்டது. அதே இரண்டு ஆக்‌ஷன், வரிசை மட்டும்தான் வேறு. டர்ன் வரிசையில் அடுத்தடுத்து வரும் நம் ஆட்கள் டர்னைப் பகிர்ந்துகொள்ளவும் இந்த கேம் விடுகிறது. ஒருவரைப் பாதி நகர்த்திவிட்டு, மற்றவரை அடிக்கவிட்டு, திரும்ப முதல் ஆளுக்கு வரலாம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மேலே வரிசையாக இருக்கும் முகங்களில் ஒளிர்கிற எதையும் கிளிக் செய்து மாறிக்கொள்ளலாம்.

தரையை ஆயுதமாக்குவதும் இந்த வகையின் பெரிய சுகம். ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) 'ஸ்பைக் க்ரோத்' என்ற முள் மந்திரத்தை விரித்தால் அதன்மேல் நடக்கும் ஒவ்வொரு 1.5 மீட்டருக்கும் 2டி4 (4 பக்க டைஸ் இரண்டை உருட்டிய கூட்டுத்தொகை) டேமேஜ். வார்லாக் (வேறொரு வகை மந்திரவாதி) எதிரியைத் தள்ளும் 'ரிப்பெல்லிங் பிளாஸ்ட்' திறனை எடுத்திருந்தால், முள்ளைத் தாண்டி வந்தவனை 4.5 மீட்டர் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் அதையே நடக்கவைக்கலாம். இதில் சொதப்புவது பெரும்பாலும் இடத்தேர்வில். திறந்த வெளியில் விரித்தால் எதிரி சுற்றிக்கொண்டு வந்துவிடுவான். கதவு, பாலம், படிக்கட்டு போல வேறு வழி இல்லாத இடத்தில்தான் விரிக்க வேண்டும்.

கான்சன்ட்ரேஷனைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், புதியவர்கள் அதிகம் அடி வாங்குவது இதில்தான். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்தான் வைத்திருக்க முடியும். இரண்டாவது போட்டதும் முதலாவது போய்விடும். அடி விழும்போதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போட வேண்டும், அதாவது 20 பக்க டைஸை உருட்டி, உடல் உறுதிக்கான போனஸைக் கூட்டி, இலக்கு எண்ணைத் தொட வேண்டும். இலக்கு 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, இரண்டில் எது பெரியதோ அது. உங்கள் க்ளெரிக்கின் (தெய்வ மந்திரம் போடுபவர்) போனஸ் +2 என்றால் சின்ன அடியைத் தாங்க 65 சதவீத வாய்ப்பு. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே சுற்றில் மூன்று அடி விழுந்தால் மூன்று தடவை உருட்ட வேண்டும், மூன்றிலும் தப்பிக்கும் வாய்ப்பு 27 சதவீதம்தான். இந்த சேவுக்கு அட்வான்டேஜ் தரும் 'வார் காஸ்டர்' ஃபீட் (கூடுதல் திறன்) எடுத்தால் அதே மூன்று அடிக்கு அது கிட்டத்தட்ட 68 ஆகிறது. மந்திரம் போடுபவரைப் பின்னால் நிறுத்து என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இந்தக் கணக்குதான். ஹெச்பி (உயிர்ப் புள்ளி) குறைவு என்பது அடுத்தபடிதான்.

இப்போது இதே கேமின் பலவீனத்துக்கு வருகிறேன். முதலாவது, இனிஷியேட்டிவ். மேசையில் ஆடும் டிஅண்ட்டியில் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், இந்த கேமின் விதிகளுக்கு மூலம்) யார் முதலில் என்பதற்கு 20 பக்க டைஸ். இங்கே 4 பக்க டைஸ். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +3 உள்ளவர் +5 தரும் 'அலர்ட்' ஃபீட் எடுத்தால் அவருடைய மிகக் குறைந்த எண்ணே 9. +2 உள்ள எதிரியின் மிக அதிக எண் 6. உருட்டுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. நாலு பேருக்கும் அப்படிச் செய்துவிட்டால், எதிரிக்கு முதல் டர்ன் வருவதற்குள் பாதிப் பேர் தரையில் கிடப்பார்கள்.

இரண்டாவது, ஓய்வு. லாங் ரெஸ்ட் (செலவான மந்திரங்களை மீட்டுத்தரும் முழு ஓய்வு) எடுக்க 40 கேம்ப் சப்ளை (உணவுப் பொருள்), கடினமான டாக்டிஷியன் லெவலில் 80. உணவு வழியெங்கும் கிடக்கிறது, தட்டுப்பாடே வருவதில்லை. ஒவ்வொரு சண்டைக்கும் விசார்ட் (மந்திரவாதி) முழு ஸ்பெல் ஸ்லாட்டோடு (மந்திரம் போடும் எண்ணிக்கை) வரலாம் என்றால், சிக்கனமாக ஆடுவதற்கென்றே வடிவமைத்த ஃபைட்டரும் வார்லாக்கும் எதற்கு? 2018-ல் வந்த பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர் இதைக் காலக்கெடு வைத்துச் சமாளித்தது. தூங்கினால் நாள் கழியும், நாள் கழிந்தால் பிரச்சினை முற்றும். பலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சண்டைக்கு அது நல்ல மருந்து.

டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2-ல் (2017) கோர்வை அறுவது வேறு இடத்தில். எல்லோருக்கும் பிசிகல் ஆர்மர் (வாள், வில் அடிக்கு), மேஜிக் ஆர்மர் (மந்திர அடிக்கு) என்று இரண்டு கவசம். உரிய கவசம் உடையும் வரை உயிரும் குறையாது, அந்த வகை ஸ்டேட்டஸும் (கீழே விழுதல், உறைதல் போன்ற பாதிப்பு) ஒட்டாது. ஒரு எதிரிக்கு இரண்டு கவசமும் 100, உயிர் 100 என்று வையுங்கள். உங்கள் நாலு பேரும் தலைக்கு 50 அடிப்பவர்கள். நாலு பேரும் வாள், வில் என்றால் 200 சேர்ந்து முதல் சுற்றிலேயே ஆள் காலி. இரண்டு பேர் வாள், இரண்டு பேர் மந்திரம் என்றால் முதல் சுற்று முடிவில் கவசம் இரண்டும் போயிருக்கும், உயிர் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. கலவையான பார்ட்டியைத் தண்டிக்கிற பார்ட்டி கேம்! மற்றபடி தீ, எண்ணெய், தண்ணீர், மின்சாரம் என்று அவ்வளவு அருமையாகச் செய்தவர்கள் இதில் சறுக்கியது வருத்தம்தான். கலவையாகத்தான் ஆடுவேன் என்றால், பிசிகல் ஜோடி ஒரு எதிரியையும் மேஜிக் ஜோடி வேறொருவனையும் பிரித்து எடுத்துக்கொள்ளட்டும். யாருக்கு எந்தக் கவசம் குறைவு என்பதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

ரியல் டைம் வித் பாஸ் (எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டையிட, வேண்டும்போது நிறுத்திக் கட்டளையிடும்) வகை வேறு மாதிரி. 1998-ன் முதல் பால்டர்ஸ் கேட்டில் ஒரு ரவுண்ட் 6 விநாடி, ஆறு பேர் பார்ட்டி. சில்லறைச் சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அது பெரிய வரம். டர்ன் முறையில் இருபது பேர் ஒவ்வொருவராக நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் குறுகலான பாதையில் ஆறு பேரும் முட்டிக்கொள்வார்கள், ஃபயர்பால் வாயிலிருந்து வெளிவருவதற்குள் உங்கள் ஃபைட்டரே அந்த இடத்தில் போய் நிற்பார். இதற்கு ஆட்டோ பாஸ் (தானாக நிறுத்தும்) அமைப்பைத் திறந்து எதிரி தென்பட்டதும், ஸ்பெல் போட்டு முடிந்ததும், குறிவைத்த ஆள் செத்ததும் நிற்கும்படி வையுங்கள். ரவுண்ட் முடிவில் நிற்பதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ரவுண்ட் தனித்தனியாக ஓடுவதால் அது தொட்டதற்கெல்லாம் நிற்கும்.

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) இதே சிக்கலுக்கு டாக்டிக்ஸ் பட்டியல் கொடுத்தது. "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று வரிசையாக எழுதலாம். மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்துவதைச் செய்யும். "எந்த எதிரியானாலும் அடி" என்பதை முதல் வரியில் வைத்துவிட்டு ஹீலர் ஹீல் செய்யவில்லையே என்று திட்டக்கூடாது. உயிர் காக்கும் வரிகள் மேலே, அடிக்கும் வரிகள் கடைசியில்.

கடைசியாக பஃப், அதாவது நம் ஆட்களைத் தற்காலிகமாகப் பலப்படுத்தும் மந்திரம். பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் த ரைட்டியஸில் (2021) கடினமான லெவலில் எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தடுக்கும் எண்) மிக உயரம். கதவைத் திறப்பதற்கு முன் ஆறு பேருக்கும் வரிசையாக பஃப் போடாமல் உள்ளே போனால் வாள் படாது. சண்டை கதவுக்கு வெளியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எல்லா பஃப்பையும் ஒரே கிளிக்கில் போட ரசிகர்களே மாட் (கேமை மாற்றும் துணை நிரல்) எழுதிக்கொண்டார்கள். அந்த கேமைத் தொடங்குவதென்றால் நார்மலுக்கு மேல் போகாதீர்கள். அங்கே பஃப் பாதி குறைந்தாலும் சமாளிக்கலாம், ஒருவர் ஆக்‌ஷன் அடுத்தவருக்கு உதவுவதையும் கண்ணால் பார்க்க முடியும்.