மாடு, கோழி, வௌவால், நாய்: ஒரு கால்நடை வைத்தியரின் பதில்கள்

திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, சுகாதாரமும் விவசாயமும் சுற்றாடலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவரும் கால்நடை வைத்தியர் ஒருவர் இங்கே பதில் சொல்கிறார்.

தம்பலகாமம்: டொக்டர், பட்டியில் இரண்டு மாடு ஒரே இரவில் செத்தால் புதைத்துவிட்டால் போதாதா?

போதாது. புதைக்கமுன் அரச கால்நடை வைத்தியர் பணிமனைக்குச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் குளிர்காற்று அடித்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விழுந்தது நினைவிருக்கும். உடனே இறைச்சி கொண்டுபோவதை நிறுத்தி, மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். குளிர்தான் காரணம், தொற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. இறைச்சிக்கடைக்காரருக்கு அந்த நாட்களில் நட்டம்தான். ஆனால் சோதனையின் முடிவு வேறாக இருந்திருந்தால், அந்தத் தடைதான் நம்மைக் காப்பாற்றியிருக்கும்.

கிண்ணியா: கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தொங்கிச் சாகின்றன. சாகமுன் அறுத்துச் சாப்பிடலாமா?

வேண்டாம், விற்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் என்ற வைரஸ் நோயாக இருக்கும். ஆனால் பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு அப்படியே இருப்பதால், கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது. 1997 இல் ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வைரஸ் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அங்குள்ள கோழிகள் முழுவதையும் கொன்றுதான் அதை நிறுத்தினார்கள். செத்த கோழியைக் கையுறையோ பொலித்தீன் பையோ போடாமல் தொடாதீர்கள். குளத்திலோ வாய்க்காலிலோ எறியவே கூடாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், கோழி செத்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

உப்புவெளி: வளவு மரத்தில் வௌவால் கூட்டம். நிப்பா பயத்தில் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

வெட்டாதீர்கள். நிப்பா என்பது வௌவாலிடமிருந்து வரும் ஒரு வைரஸ். இலங்கையில் மனிதருக்கு அது இதுவரை பதிவாகவில்லை. அதோடு, காடு அழிந்து இரை குறையும்போது வௌவால்கள் வைரஸைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் நிப்பாவுக்கு இனமான ஹென்ட்ரா வைரஸை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். விரட்டினால் ஆபத்து அடுத்த ஊருக்குத்தான் போகும்.

மலேசியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1998 இல் ஈப்போப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்த பழம் பட்டிக்குள் விழ, பன்றி தின்றது. பன்றிகள் இருமின, பிறகு பண்ணையாட்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். சுகாதாரப் பக்கத்தில் அதை, நுளம்பால் பரவிப் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி நுளம்புக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் வந்தது பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களுக்கு, தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. அது நிப்பா என்ற புது வைரஸ் என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. இருமிய பன்றியைப் பார்த்தவரும் மயங்கிய மனிதரைப் பார்த்தவரும் முதல் மாதமே உட்கார்ந்து பேசியிருந்தால் இவ்வளவு பேர் போயிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடிபட்ட பழத்தைச் சாப்பிடாதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். கள்ளு முட்டியை மூடிக் கட்டுங்கள்.

மூதூர்: சுகாதாரம், விவசாயம், சுற்றாடல் எல்லாம் சேர வேண்டும் என்கிறீர்கள். நம் நாட்டில் அதற்கு அவசியம் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 1985–86 இல் அனுராதபுரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. அந்த வைரஸ் கொக்கிலும் பன்றியிலும் பெருகும், வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் நுளம்பு அதை மனிதரிடம் கொண்டுவரும். நீர், பண்ணை, பிள்ளைகளின் தடுப்பூசி மூன்றையும் மூன்று திணைக்களங்கள் பார்க்கின்றன. 1988 இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மூதூரில் வயலுக்குப் பக்கத்தில் புதிதாகப் பண்ணை போட அனுமதி கேட்டால், சுகாதார வைத்திய அதிகாரியின் கருத்தையும் எடுக்கச் சொல்லிப் பிரதேச செயலகக் கூட்டத்தில் கேளுங்கள். விவசாயிகள் கேட்டால் அதற்குத் தனி எடை உண்டு.

திருகோணமலை நகர்: கோட்டைப் பக்கத்து மான்களுக்குப் பிள்ளைகள் கையால் தீன் கொடுக்கலாமா?

வேண்டாம். தூரத்தில் நின்று பார்க்கட்டும்.

நிலாவெளி: தெருநாய் பிள்ளையின் காலைக் கீறிவிட்டது. இரத்தம் பெரிதாக இல்லை. ஊசி வேண்டுமா?

முதலில் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், கீறல் சின்னது என்று விடக்கூடாது. விசர்நாய் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி கிட்டத்தட்ட இல்லை. ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது தடுப்பூசி இருந்தால் நோய்ப்பரவல் நிற்கும், அதனால் ஊசி போட வருபவர்களுக்குத் தெருநாய்களைப் பிடித்துக் கொடுங்கள். வளர்ப்பு நாய் கடித்திருந்தால் அதன் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், வைத்தியர் அதைக் கேட்பார்.