படகில் குடியிருப்போரை வரவேற்கும் துறை: மலையக நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்தின் கால்வாய் ஒன்றின் கரையில் ஒரு குடும்பம் நடத்திய படகுத் துறையில் 11 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது இலங்கை மலையகத்தின் நோர்வூட்டில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு அருகில் வசிக்கிறேன். அத்தகைய துறையை அங்கே மரீனா என்பார்கள். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கண்டும் செய்தும் அறிந்தவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து: படகைக் கட்டிவைக்கும் இடம்தானே மரீனா? அதற்கு ஒரு குடும்பம் முழுவதும் எதற்கு?

கட்டிவைப்பது மட்டும் என்றால் ஒரு காவலாளி போதும். ஆனால் ஓரிரவு தங்க வரும் பயணப் படகுக்கு டீசல், கேஸ் சிலிண்டர், நிலக்கரி, குடிநீர் எல்லாம் வேண்டும். ஆண்டு ஒப்பந்தத்தில் படகிலேயே குடியிருப்பவருக்குக் கரையிலிருந்து மின்சாரமும் துணி துவைக்கும் இடமும் வேண்டும். எங்கள் துறையில் தந்தை இயந்திரங்களையும், தாய் கணக்கையும், மகன் படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குக் கரும்பூச்சு பூசுவதையும் கவனித்தார்கள். நள்ளிரவில் ஒரு படகு தாழத் தொடங்கினால் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓட, அங்கேயே உறங்குகிறவர்கள்தாம் பயன்படுவார்கள்.

தலவாக்கலையிலிருந்து: ஐயா, அந்தப் படகு நம் லயத்து அறையைவிடச் சிறியதா?

கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் பழைய மதகு அறைகளின் அளவுக்கேற்பக் கட்டப்படுவதால் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் 70 அடி வரை போகலாம். தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வளர்ந்தவன் என்பதால், இரண்டையும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. படகுக்காரர் அந்த ஒடுக்கத்தை விரும்பி ஏற்றவர். நம் பெற்றோரை யாரும் விருப்பம் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் படகுக்குள் கரியடுப்பு எரியும். அதன் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அதனால் அந்தக் கால்வாய்களில் 2019 ஏப்ரல் முதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நுவரெலியாக் குளிரில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோர் இதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: கழிவறைக் கழிவு எங்கே போகிறது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். சில படகுகளில் கழிவு ஒரு பெரிய தொட்டியில் சேர்கிறது. துறையிலுள்ள இயந்திரத்தின் குழாயைப் படகின் மேற்றளத்துத் திறப்பில் பொருத்தி, அதை உறிஞ்சிக் கழிவுநீர் வழிக்கு அனுப்புவோம். வேறு படகுகளில் கையால் தூக்கக்கூடிய சிறு பெட்டி இருக்கும். உரிமையாளரே அதைக் கொண்டுவந்து, அதற்கென அமைந்த தொட்டியில் ஊற்றிக் கழுவ வேண்டும். வேலைகளிலெல்லாம் இதற்கே நான் கூடுதல் கவனம் கொடுத்தேன். அந்த இயந்திரம் ஒரு நாள் பழுதானாலும் துறை முழுவதும் முகம் சுளிக்கும்.

குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் மட்டும் அங்கே கால்வாயிலேயே விடப்படுகின்றன. அந்த வழக்கத்தை நாம் இங்கே கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காசல்ரீயை நிரப்பும் கெஹெல்கமு ஓயாவும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பும் மஸ்கெலி ஓயாவும் கீழே சேர்ந்து களனி கங்கையாகின்றன. அம்பத்தலையில் அந்த நீரைச் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது.

நுவரெலியாவிலிருந்து: காசல்ரீயிலோ மவுசாக்கலையிலோ நம் இளைஞர்கள் இப்படியொரு துறையைத் தொடங்கலாமா?

குடியிருப்புப் படகுகளுக்கு அவை பொருந்தா. ஊருக்கு ஊர் போக வழி இருந்தால்தான் பயணப் படகு வரும். அணையோடு நம் நீர் நின்றுவிடுகிறது. பகலில் சுற்றிக் காட்டும் சிறு படகுகளுக்கான துறை என்றால் யோசிக்கலாம். அப்போது முதலில் எண்ண வேண்டியது நீர்மட்டம். கால்வாயில் அதைப் பெரிதும் மாறாமல் காப்பார்கள். மின் உற்பத்திக்கும் மழைக்கும் ஏற்ப நம் நீர்த்தேக்கங்கள் பல அடி ஏறி இறங்கும். கடும் வறட்சியில் மவுசாக்கலைக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு, கரையில் நட்ட மரத்துறை சேற்றில் நிற்கும் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆகவே துறை மிதக்க வேண்டும். அதற்கு இறங்கும் பாலம் கீலில் அசைய வேண்டும். சங்கிலிகளை அவ்வப்போது இறுக்கித் தளர்த்த ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். காசல்ரீ, மவுசாக்கலை இரண்டுக்கும் அவற்றை நிர்வகிக்கும் மின்சார நிறுவனத்தின் அனுமதியும், கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் என்றால் மகாவலி அதிகார சபையின் அனுமதியும் இல்லாமல் ஒரு பலகைகூட அடிக்காதீர்கள். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கி அணியாதவரைப் படகில் ஏற்ற வேண்டாம்.

பதுளையிலிருந்து: புதிதாக வரும் படகை எப்படி வரவேற்பீர்கள்?

கயிற்றை வாங்கி உடனே துறையின் இரும்புக் கொம்பில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். 15 தொன்னுக்கு மேற்பட்ட படகைக் கைப்பலத்தால் நிறுத்த முயன்றால் விரல் நசுங்கும். இயந்திரம் நின்றபின் தண்ணீர்க் குழாயும் கழிவறையும் எங்கே என்று காட்டுவோம். எத்தனை அடி நீளம், எத்தனை இரவு என்ற கட்டணக் கணக்கு மறுநாள் காலையில்தான்.